டிக்கியில் உட்கார்ந்து வந்த வின்சென்ட் அண்ணன்

ஜேம்ஸ் அண்ணனுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். அடக்கத்தன்று நீங்கள் என்னிடம், “நீங்க படிச்சவுக, எந்தம்பி வின்சென்ட்டைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்கம்மா, முப்பதாம் நாள் ஜெபத்துல வாசிப்போம்” என்றீர்கள். இன்லேண்டில் இடம் போதாதென்று தாளில் எழுதுகிறேன்.

செய்தி எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. பண்ணைக்காட்டிலிருந்து வந்த பஸ் கொடைக்கானல் ஸ்டாண்டில் நின்று எல்லோரும் இறங்கிய பிறகும் ஒருவர் மட்டும் ஜன்னலில் சாய்ந்தபடி இருந்தாராம். தூங்குகிறார் என்று கண்டக்டர் தோளைத் தட்டியிருக்கிறார். மடியில் கருவிப் பை. மாரடைப்பு என்றார் டாக்டர். என் கணவர் கடைவீதியில் கேள்விப்பட்டு வந்து, “நம்ம எலக்ட்ரீஷியன் வின்சென்ட் போயிட்டாராம்” என்றார். அடுப்பில் பால் இருந்தது. அதை இறக்கி வைத்தேன், ஆற்றினேன், பாப்பாவுக்குக் கொடுத்தேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அதற்கு முந்தின நாள்தான் பண்ணைக்காட்டு பஸ் கண்டக்டரிடம் நான் அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன், கார் டிக்கி மறுபடியும் தானாகத் திறக்கிறது என்று. அந்தச் சொல் அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது எனக்குத் தெரியாது.

அவரை எனக்குத் தெரிந்ததே அந்த டிக்கியால்தான். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார ஆசிரியரிடம் நாங்கள் வாங்கிய பழைய கார் அது. டேஷ்போர்டுப் பெட்டிக்குள் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் பின்னால் ஒரு காந்தம் பூட்டை இழுத்து டிக்கியைத் திறக்கும். ஒன்றரை வருடம் முன்பு, யாரும் தொடாமலே அது திறக்க ஆரம்பித்தது. இரண்டு மெக்கானிக்குகள் பார்த்தார்கள். இரண்டு பேரும் பொத்தானைத்தான் மாற்றினார்கள். நான்தான் சரியாக மூடுவதில்லை என்று என் கணவர் முடிவு கட்டிவிட்டார். அப்போது நான் ஏழு மாதம். பின்னால் வரும் லாரிக்காரனுக்கு டிக்கி மூடி முகத்துக்கு நேரே எழும்பினால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் போயிற்று.

வின்சென்ட் அண்ணன் வந்தவுடன் வண்டியைத் தொடவில்லை. “எப்பெப்பத் தெறக்குது தங்கச்சி?” என்று என்னைக் கேட்டார். நான் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். என் கணவர் சிரித்தார். “இவ சோறு கொதிக்கிற நேரத்தக்கூட எழுதி வைப்பா.”

“சிரிக்காதீங்க சார். பயந்தவுகதான் சரியாப் பாப்பாக. நோட்டைக் குடுங்க தங்கச்சி.”

எல்லாம் வலப்பக்கம் திரும்பும் வளைவுகள். அவர் பெட்டியைக் காலி செய்து, பொத்தானுக்குப் போகும் ஒயர்களைக் கழற்றிவிட்டார். “இனி பொத்தான் மேல பழி இல்ல. இப்பவும் தெறந்தா கோளாறு அதுக்குப் பின்னாடி கெடக்கு” என்றவர், டார்ச்சுடன் டிக்கிக்குள் ஏறிச் சுருண்டு படுத்தார். “மூடுங்க சார். பெருமாள்மலைப் பக்கம் விடுங்க. வெரசாப் போகாதீங்க, உள்ள ஆள் இருக்கு.”

மூன்றாவது வளைவில் டக்கென்று சத்தம். மூடி மேலே போக, உள்ளே சட்டையெல்லாம் தூசியாக அவர் எழுந்து உட்கார்ந்தார். பின்னால் வந்த ஜீப்பில் சுற்றுலா வந்த பெண்கள் அலறிவிட்டார்கள். “ஒண்ணுமில்லம்மா, டிக்கெட் இல்லாம ஏறிட்டேன்” என்று அவர்களைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு மூடியின் கீல் பக்கம் டார்ச் அடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். டிக்கி விளக்குக்குப் போகும் ஒயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். பூட்டை இழுக்கும் ஒயர் அதனோடு சேர்ந்தே போகிறது. கீலில் உரசி இரண்டும் தோலுரிந்து கிடந்தன. வலப்பக்கம் திரும்பும்போது மூடி அசைந்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. “இந்தாங்க, உங்க பேயி. நீங்க சொன்னது அத்தனையும் நெசம்” என்றார். என் கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். இரண்டு ஒயரையும் பிரித்துத் தனித்தனியாக டேப் சுற்றி, பொத்தான் ஒயர்களையும் திரும்ப மாட்டிவிட்டுப் போனார்.

பாப்பா பிறந்த பிறகு இந்தப் பக்கம் வேறு சோலியாக வந்தாலும் எட்டிப் பார்ப்பார். “நோட்டு நெறஞ்சிருச்சா?” என்பார். எனக்குப் பயம் அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் அதைச் சொன்னதில்லை.

இனி எழுதுவதை வாசிப்பதா வேண்டாமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்து, பாப்பாவின் கிரைப் வாட்டரை எடுக்க டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தேன். திரும்ப உள்ளே வைத்து மூடினேன். பின்னால் டக்கென்று டிக்கி திறந்தது. பாட்டிலை எடுத்துவிட்டு மூடினேன், திறக்கவில்லை. வைத்து மூடினேன், திறந்தது. பாட்டிலின் கழுத்து பொத்தானை அழுத்துகிறது. வண்டியில் பழுதே இல்லை. அவர் கழற்றிச் சேர்த்த ஒயர்கள் அப்படியே நன்றாக இருக்கின்றன. இன்னும் என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

கண்டக்டரைப் பார்த்துக் கேட்டேன். “பட்டறை பூட்டிக் கெடந்துச்சும்மா, எதுத்த டீக்கடைல சொல்லிட்டு வந்தேன்” என்றார். டீக்கடைக்காரர் வின்சென்ட் அண்ணனிடம் சொன்னாரா என்று கண்டக்டருக்குத் தெரியவில்லை.

நான் சொன்னதைச் சந்தேகப்படாமல் கேட்டுக்கொண்ட ஒருவர் இருந்தார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான். ஆனால் நான் சொன்னால் நம்பிவிடுவார் என்பதால்தானே மறுநாளே பஸ் ஏறியிருப்பார் என்றும் தோன்றுகிறது.

ஜேம்ஸ் அண்ணன், செவ்வாய்க்கிழமை அவர் யார் வண்டியைப் பார்க்கக் கிளம்பினார்? கொடைக்கானலில் அவருக்கு வேறு வேலை இருந்ததா? எனக்காகத்தான் வந்தார் என்றால், அதை ஜெபத்தில் பத்துப் பேர் நடுவே லூர்து அக்கா கேட்கக் கூடாது. கணவரை இழந்தவரிடம் அதை நானே நேரில் வந்து சொல்ல வேண்டும். எனக்கு ஆறுதலாக எதையும் மாற்றிச் சொல்லாதீர்கள். முப்பதாம் நாளுக்குள் நான் வந்து போக வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.