என் பெயருக்கு மேலே இரண்டு சொற்கள்

என் பெயரில் பொய் எழுதியது நீங்கள்தான், அண்ணாச்சி. வேறு யாரும் இல்லை.

அண்ணாச்சி என்று நான் சொல்வது குற்றாலத்தில் நான் வேலை பார்க்கும் லாட்ஜின் முதலாளியை. நான் வரவேற்பு மேசையில் இருப்பவள். லாட்ஜுக்கு ஒரு வெப்சைட் உண்டு. அதில் இருக்கும் அறைகளின் படங்களை ஒருவரும் பார்ப்பதில்லை. ‘இன்று அருவி’ என்ற பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். சீசனில் ஆலங்குளத்துக்காரர்களும் சுரண்டைக்காரர்களும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். அந்தப் பக்கத்தைத் தொடங்கியது நான். தினமும் எழுதுவதும் நான். அதனால் கீழே என் பெயர் தானாக வந்துவிடும்.

நாற்காலியில் உட்கார்ந்தபடி எழுதுகிற வேலை இல்லை அது. மேலகரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கியதும் நேரே பேரருவிக்கு நடப்பேன். அங்கே குளிக்கிற இடத்தில் ஆர்ச் என்று ஒரு வளைவு கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் ஆர்ச்சுக்கு உள்ளே விழுந்தால் குளிக்கலாம். ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் போலீஸ் கயிறு கட்டிவிடும். பார்த்துவிட்டு லாட்ஜுக்கு வந்து, லாகின் போட்டு, நேற்றைய வரியை அழித்து இன்றைய வரியை அடித்து, ‘வெளியிடு’ பட்டனை அழுத்துவேன். உடனே என் போனில் திறந்து பார்ப்பேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி பார்ப்பேன். மலைமேல் மழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் மாறிவிடும். அதனால் மேகம் கறுத்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி ஓடுவேன்.

அன்று சனிக்கிழமை. தண்ணீர் செம்மண் நிறத்தில் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தது. “வெள்ளம். குளிக்கத் தடை” என்று வெளியிட்டேன். போனிலும் பார்த்தேன், இருந்தது. பிறகு அறையைக் காலி செய்கிறவர்கள் வரிசையாக வந்ததில் மறுபடி பார்க்கவில்லை. அது என் தப்பு.

பத்து மணிக்குச் சுரண்டையிலிருந்து ஒரு வேன். இறங்கிய அத்தனை பேர் தலையிலும் எண்ணெய். குளிக்கும்போது எண்ணெய் நன்றாக ஊறியிருக்க வேண்டும் என்று மேலகரம் வருவதற்குள் வேனிலேயே தேய்த்துக்கொண்டார்களாம். அருவிக்குப் போய், கயிற்றைப் பார்த்து, போலீஸிடம் பேச்சும் வாங்கி, காதோரம் எண்ணெய் வழிய என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். அவர்களில் மூத்த ஆச்சி ஒருவர் போனை என் முன்னால் வைத்தார்.

“ஏட்டி, இதுல கெடக்கது உன் பேருதான?”

“ஆமா ஆச்சி.”

“நல்லா விழுதுன்னு போட்டிருக்கியே, எங்கன விழுது? உன் தலையிலயா?”

“அவ தலையில விழுந்தாலும் அங்கன நின்னு குளிச்சிருக்கலாம்லா மைனி” என்றார் பின்னால் நின்றவர். எல்லோரும் சிரித்தார்கள். ஆச்சி சிரிக்கவில்லை.

வாங்கிப் பார்த்தேன். “தண்ணி நல்லா விழுது.” கீழே என் பெயர்.

எங்கள் ஊர்ப் பக்கம் ‘நல்லா விழுது’ என்றால் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பு என்று அர்த்தம். வெள்ளத்தை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பச்சைப்பிள்ளைக்கும் அது தெரியும்.

அண்ணாச்சி, நீங்கள் அப்போதுதான் மாடியிலிருந்து இறங்கி வந்தீர்கள். “எண்ணெய்த் தலையோட எப்படித் திரும்புவீக? ரூம் போட்டுக் குளிச்சிட்டுப் போங்க” என்றீர்கள். குற்றாலத்துக்கு வந்து போர்வெல் தண்ணீரில் சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டுப் போனார்கள் அவர்கள். போகும்போது ஆச்சி என்னைத் திட்டவில்லை. “உன்னைய நம்பித்தான வந்தோம்” என்றார். திட்டியிருக்கலாம்.

வேன் போனதும் நான் ‘திருத்தங்கள்’ என்ற இடத்தைத் திறந்தேன். எந்த வரியை யார் எப்போது மாற்றினாலும் அங்கே பதிவாகும். படிக்கிறவர்களுக்குத் தெரியாது, உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியும். இடது பக்கம் சிவப்பில் என் வரி. வலது பக்கம் பச்சையில் ‘நல்லா விழுது’. மாற்றியவர்: நிர்வாகி. அந்த பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. திரையை உங்கள் பக்கம் திருப்பினேன்.

“தடை தடைன்னு போட்டா எவம்மா வருவான்?” என்றீர்கள்.

“அதுக்காகப் பொய் எழுதலாமா அண்ணாச்சி?”

“என்ன பொய்யி? தண்ணி விழத்தான செய்யுது? நல்லாத்தான விழுது?”

“அப்போ உங்க பேர்ல போடுங்க.”

“எம்பேர்ல போட்டா எவன் நம்புவான்?”

சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். அன்று நீங்கள் சொன்ன ஒரே உண்மை அதுதான். அந்தப் பதிவையும் அழித்துவிடச் சொன்னீர்கள். நான் அழிக்கவில்லை. ‘தடை’ என்று மறுபடி எழுதி வெளியிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை லாகின் போட்டால் ‘வெளியிடு’ பட்டனைக் காணோம். அந்த இடத்தில் ‘பரிசீலனைக்கு அனுப்பு’ என்று இருந்தது. என் உரிமையைக் குறைத்துவிட்டீர்கள். இப்போது காலை எட்டு மணிக்கு நான் அனுப்புவது பதினொன்றுக்கு வருகிறது, சில நாள் வருவதே இல்லை. அதுவரை நேற்றைய வரி என் பெயரோடு தொங்குகிறது. நான் அருவிக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். மேலகரம் பஸ் ஸ்டாப்பில் பூ விற்கிறவள், “என்னக்கா, இன்னைக்கி நல்லா விழுதா?” என்று கேட்கிறாள். அவள் வரைக்கும் போய்விட்டது.

வேலையை விட்டுத் தொலை என்கிறார்கள் வீட்டில். விடுவேன். ஆனால் என் பெயரைப் பொய்க்காரி என்று அங்கே விட்டுவிட்டு வர மாட்டேன். பதிவை நீங்கள் அழித்தாலும் அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம் அண்ணாச்சி. அந்த ஆச்சி பார்க்கிற அதே பக்கத்தில், உங்கள் லாகினில், கீழே உங்கள் பெயர் வரும்படி பதில் எழுதுங்கள். அந்தச் சனிக்கிழமை வெள்ளத்தைப் பார்த்து ‘நல்லா விழுது’ என்று எழுதியது யார்? ‘வெளியிடு’ பட்டன் இப்போது உங்களிடம்தான் இருக்கிறது. அழுத்துங்கள்.