பட்டதென்று எழுதிய இலுப்பை

பெரிய சாரின் ஆள்காட்டி விரல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஜீப் கண்ணாடிக்கு உள்ளிருந்தே அது மரங்களைச் சுட்டும். வெளியே வராது, வெயில் பட்டுவிடும். கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் வரைக்கும் சாலையை அகலப்படுத்த மரக் கணக்கு எடுத்த காலம். அவர் சொல்வார், பின் இருக்கையில் நோட்டும் கையுமாக நான் எழுதுவேன்.

“எறங்கிப் போயி கட்டிப்புடிச்சா பாக்கணும்? குடை மாரி கவுந்து கருப்பா இருந்தா புளி. தழை சீப்பு சீப்பா ஆடுனா வேம்பு. எழுதுய்யா” என்பார். தூரத்திலிருந்து மரத்தை இனம் காண்பது உண்மையிலேயே ஒரு கலைதான். உருவமும் கிளை விரியும் விதமும் தழையின் நிறமும் போதும். ஆனால் அதற்கு முன் ஒருமுறையாவது மரத்தின் பக்கத்தில் போய் நின்றிருக்க வேண்டும். பெரிய சார் பக்கத்தில் நின்று பார்த்த ஒரே மரம் அவருடைய மேசை. பூவரசை அரசு என்றார். ஒருநாள் தூக்கம் கலைந்து செல்போன் கோபுரத்தைப் பனை என்றார். அதை மட்டும் நான் எழுதவில்லை. என் வீரத்தின் எல்லை அது.

புதுச்சத்திரத்துக்கு முன்னால் ஓர் இலுப்பை. அதனடியில் ஓர் அக்கா டீக்கடை வைத்திருந்தார். மாசி மாதம், இலுப்பை ஓர் இலை மிச்சமில்லாமல் உதிர்த்துவிட்டு நிற்கும் சமயம். “பட்ட மரம்” என்றார் பெரிய சார். உயிருள்ள பெரிய மரமென்றால் சாலையைச் சற்று ஒதுக்கிப் போடச் சொல்ல வழியுண்டு. பட்ட மரத்துக்கு வெட்டு மட்டும்தான். அக்காவின் கடைக்கு அதைவிட்டால் வேறு நிழல் கிடையாது.

சிதம்பரத்தில் மூன்று வருடம் தாவரவியல் படித்தவன் நான். வாயைத் திறந்தேன். “சார், இலுப்பை எல உதுர்க்குற மாசம் இது...”

“நீ சர்வீசுக்கு வந்து எத்தினி வருசம் ஆவுது?”

என் பதவி உயர்வுக் கோப்பு அவர் மேசையில் இருந்தது. ‘பட்டது’ என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

சித்திரையில் வெட்டினார்கள். மரம் முழுக்கச் செம்புநிறத் துளிர். ஆனால் வெட்டுகிறவர்கள் பார்ப்பது பட்டியலை. மேற்பார்வைக்கு என்னைத்தான் அனுப்பியிருந்தார்கள். வெட்டுவாயில் பால் வழிந்தது. அக்கா அதை விரலில் தொட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“பட்ட மரம்னீங்களாமே, இது என்னா சார்?”

“லிஸ்ட்டுல அப்பிடித்தாம்மா இருக்கு.”

“லிஸ்ட்ட எழுதுனது யாரு சார்?”

ரம்பச் சத்தத்தில் காதில் விழாதவன்போல் நின்றேன்.

பெரிய சார் ஓய்வு பெற்றுவிட்டார். கடற்கரைக்கு நடக்க வருகிறவர்களுக்கு இப்போது மரங்களை அடையாளம் சொல்லித் தருகிறாராம், பெஞ்சில் உட்கார்ந்தபடியே. எனக்குப் பதவி உயர்வு வந்தது. அவரை இளக்காரமாகப் பேசும் தகுதியும் கூடவே வந்ததாக நினைத்துக்கொள்கிறேன்.

போன மாதம் அந்த நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். எதிர்ப்பக்கம் தகரக் கொட்டகைக்குள் அக்கா வியர்வை வழிய டீ ஆற்றிக்கொண்டிருந்தார். இந்த எட்டு வருடத்தில் எனக்கு முடி போய், தொப்பை வந்து, மூக்குக்கண்ணாடியும் ஏறிவிட்டது. சாலை அகலமாகிவிட்டதால் நடுவில் நல்ல தூரம் வேறு. அவர் ஒரே ஒரு தடவைதான் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம் எனக்கும் கேட்கும்படி சொன்னார்:

“தோ வராரு பாரு, பட்டதுன்னு எழுதுன சாரு.”