குளிர்மெத்தை

என் மகள் பிறந்தபோது அழவில்லை. கழுத்தில் தொப்புள்கொடி சுற்றி, மூளைக்குப் பிராணவாயு போகாமல் இருந்திருக்கிறது. நான் ஹைதராபாத்தில் மல்காஜ்கிரிக்கு மருமகளாக வந்த மறு வருடம் அது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குளிர்மெத்தையில் கிடத்தினார்கள். உடம்பைக் குளிர வைத்தால் மூளை மேலும் கெடாமல் தடுக்கலாமாம். எங்கள் வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கும் அறையில் மின்விசிறிகூடப் போட மாட்டோம். காதை மூடித் துணியில் சுற்றித்தான் வைப்போம். என் மகள் வெறும் டயப்பரோடு, தொட்டால் சில்லென்று, மூன்று நாள் கிடந்தாள். நாத்தனார் பின்னிக் கொண்டுவந்த ஸ்வெட்டர் பைக்குள்ளேயே இருந்தது.

உயிர் பிழைத்தாள். அந்தக் குளிர் இல்லையென்றால் அதுவும் இல்லை என்கிறார்கள். இப்போது நான்கு வயது. கழுத்து இன்னும் நிற்கவில்லை. என்னைப் பார்க்கிறாளா, எனக்குப் பின்னாலிருக்கும் சுவரைப் பார்க்கிறாளா என்பது எனக்குத் தெரியாது. அது தெரியாமல் இருப்பதுதான் பெரிய துக்கம்.

பிசியோதெரபிக்குப் போகும்போதெல்லாம் டாக்டரம்மாவைப் பிடித்துக்கொள்வேன். சென்னையில் படித்தவர், நன்றாகத் தமிழ் பேசுவார். "புதுசா ஏதாவது வந்திருக்கா டாக்டர்?" என்று கேட்பேன். போன மாதம் அவரே உற்சாகமாகச் சொன்னார். குளிரோடு சேர்த்துக் கொடுக்கிற மருந்துகளைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். ஸ்டெம் செல் ஆராய்ச்சியும் நடக்கிறதாம்.

"எப்போ குடுக்கணும்?"

"பொறந்த கொஞ்ச நேரத்துக்குள்ள."

"அப்போ இவளை மறுபடி பெத்துக்கிட்டு வரட்டுமா?"

பாவம், என் ஆத்திரத்துக்கு அவர்தான் கிடைத்தார். பிறகு ஓர் உதவி கேட்டார். காலையில் பிறந்த குழந்தை ஒன்று. அதன் அப்பா குளிர வைக்கச் சம்மதிக்கவில்லை. "உங்க தமிழ் ஆளுதான், நான் சொன்னா கேக்கலை. நேரம் போயிட்டே இருக்கு. நீங்க பேசிப் பாருங்க."

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவரோடு போனேன். வராந்தாவில் அந்தக் குழந்தையின் அப்பா புதுக் கம்பளியை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தான். மீசைகூடச் சரியாக முளைக்காத முகம்.

"பச்சப் புள்ள அக்கா. குளுர வெச்சா ஜன்னி வந்துராதா? நக்கோ, வேணாம்னு சொல்லிட்டேன்."

"இதுக்குக் குளிர்தாம்பா மருந்து. லேட்டானா அதுவும் பிரயோஜனப்படாது. சரின்னு சொல்லு."

அவன் என் மகளைப் பார்த்தான். வாயோரம் வழிந்த எச்சிலையும் தொங்கிக்கிடந்த கால்களையும் பார்த்தான்.

"இந்தப் பாப்பாவையும் அப்படித்தான் வெச்சாங்களா?"

டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இல்லப்பா," என்றேன். "இவளுக்கு அதெல்லாம் செய்யலை. செஞ்சிருந்தா ஓடியாடிட்டு இருப்பா."

கம்பளியை என் கையில் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போட உள்ளே ஓடினான்.

அந்த மூன்று நாளும் அவள் பட்ட குளிரை, அவளை வைத்துக்கொண்டே இல்லையென்று சொல்லிவிட்டேன். "மன்னிச்சுக்கோடி," என்று முகத்தருகே குனிந்தேன். அவள் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாளா, சுவரைப் பார்த்தாளா, தெரியவில்லை.