ஈரம் காயும்வரை கூடவே போ

வாட்டர் சர்வீஸ் தொழிலில் அழுக்கு போகவில்லை என்றால் திட்டு விழும்; அழுக்கோடு வேறு ஏதாவது சேர்ந்து போய்விட்டால் தூக்கமே போய்விடும். அடுத்தவர் வண்டியில் கைவைத்துப் பிழைத்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என் பயம் சொல்லாமலே புரியும்.

எழுபதுகளில், கும்மிடிப்பூண்டியில் கல்கத்தா ரோட்டோரம் ஒரு பெட்ரோல் பங்கில் லாரி கழுவினேன். நெல்லூர்ப் பக்கமிருந்து வரும் வண்டிகளின் முகம் முழுக்க ஈசலும் பச்சைப்பூச்சியும் அப்பியிருக்கும். மண்ணெண்ணெய் தடவி ஊறவைத்து, பம்புத் தண்ணீரைப் பீய்ச்சியடித்தால்தான் கிளம்பும். வண்டியின் அடிப்பக்கத்தையும் கழுவுவதால் பிரேக்குக்குள் தண்ணீர் இறங்கிவிடும். ஈரப் பிரேக் பிடிக்காது. அதனால் முதலாளி ஒரு விதி வைத்திருந்தார். கழுவியவன் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, மெதுவாக ஓட்டச் சொல்லி, பிரேக்கை மிதிக்கவைத்துக் காயவைத்து, நன்றாகப் பிடிக்கிற இடத்தில் இறங்கி நடந்து வரவேண்டும். அதிகம் பேசாத மனிதர், வேலைக்குச் சேர்ந்த அன்று இதை மட்டும் மூன்று முறை சொன்னார். நானோ பயந்த சுபாவம். என் தண்ணீரால் யாராவது செத்துவிட்டால் என்கிற நினைப்பு அன்றைக்கே என்னைப் பிடித்துக்கொண்டது.

எட்டு மூன்றான கதை

முதல் வாரமே ஒரு செங்கல் லாரி. முன்பக்க நம்பர் பிளேட்டில் பூச்சி காய்ந்து ஒட்டியிருந்தது. விடாப்பிடியாகப் பக்கத்தில் போய்ப் பீய்ச்சினேன். பூச்சி போனது, கூடவே பெயிண்டும் உரிந்தது. கடைசி எண்ணான எட்டில் இடது பாதியைக் காணோம். பளிச்சென்று மூன்று நின்றது. சுண்ணாம்பு கரைத்து மறுபாதியை வரையலாமா என்றுகூட யோசித்தேன். கை தவறி அது ஒன்பதாகிவிடுமோ என்று விட்டுவிட்டேன்.

டிரைவர் பிளேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "செக்போஸ்ட்ல இது யார் வண்டின்னு கேட்டா இன்னாய்யா சொல்றது? எங்க ஊட்டு வண்டிதான் சார், தண்ணில கொஞ்சம் கரைஞ்சிடுச்சின்னா?"

உள்ளே போன ஈசல்

மழைக்காலம். ஒரு லாரியின் ரேடியேட்டர் முழுக்க ஈசல் இறக்கை. எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்து வெளியே தள்ளவேண்டும் என்பது தெரியாமல், நேரே முன்னால் நின்று அடித்தேன். பார்வைக்குப் பளபளவென்றிருந்தது. எனக்கே பெருமை. விதிப்படி கூடப் போய், பிரேக்கைச் சரிபார்த்து, இறங்கி நடந்து வந்து டீ குடித்தேன்.

அரை மணியில் அந்த டிரைவர் காலி டின்னோடு நடந்தே வந்தார். எஞ்சின் கொதித்து ஆவி கக்கி வண்டி நின்றுவிட்டதாம். அடிக்கத்தான் வருகிறார் என்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் டின்னைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "பூச்சிய வெளிய துரத்துன்னா, உள்ளாற குடி வச்சிட்டியே நைனா!"

கம்பெனி பஸ்

தேவசகாயம் அண்ணன் ஒரு கம்பெனியின் ஷிப்டு பஸ் டிரைவர். வாரம் ஒருமுறை மத்தியானம் கழுவக் கொண்டுவருவார். அன்று கழுவி முடித்ததும், பின்னால் காத்திருந்த லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அந்தப் பேஜாரில் நான் அவர் வண்டிப் பக்கம் திரும்ப, பஸ் கிளம்பிவிட்டது. ஐந்து நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது, நான் ஏறவில்லை.

ஹோஸைப் போட்டேன், பங்க் சைக்கிளை எடுத்தேன். ஸ்டேஷன் ரோடு வளைவில் இரண்டாவது ஷிப்டு ஆட்கள் முப்பது பேர் அந்த பஸ்ஸுக்காக ரோட்டை ஒட்டி நிற்பார்கள். அவர்களில் பாதிப் பேரை எனக்கு முகம் தெரியும். யார் முகமும் நினைவுக்கு வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே மிதித்தேன், எல்லா முகமும் வந்தது.

வளைவில் கூட்டம். பஸ்ஸின் மூக்கு வாய்க்கால் மேட்டில் இடித்து நின்றிருந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஒவ்வொருவராக எண்ணினேன். எல்லோரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். ஒரு டிபன் கேரியர் மட்டும் சக்கரத்தடியில் நசுங்கிக் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கப்படாமல் அழுதேன்.

தேவசகாயம் அண்ணன் பஸ் படியில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டவில்லை. "ஷிப்டுக்கு லேட்டுன்னு அந்த ரோசனையிலயே வந்தேன்டா. நீ எப்பவும் மெல்லப் போ, மெல்லப் போன்னு உசுர வாங்குவே. இன்னிக்கு சத்தமே இல்லியா, சரி, பிரேக்கு காஞ்சிடுச்சின்னு அழுத்தினேன். பிடிக்கலன்னதும் இன்னாடா இதுன்னு உன்னாண்ட கேக்கத் திரும்பறேன், சீட்டு காலி."

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் வண்டி கழுவினேன். கணக்குப் பார்த்தால் கழுவிய நேரத்தைவிட, கூடப் போய் இறங்கி வெயிலில் நடந்து திரும்பிய நேரம்தான் அதிகம்.