உப்புக்குப் பதிலாக மூன்று போத்தல்

என் கணவருக்கு இனி உப்பே கூடாது என்று டொக்டர் சொன்ன அன்று, அவர் டொக்டரோடும் கதைக்கவில்லை, என்னோடும் கதைக்கவில்லை. முகம் ஒரு பக்கம் இழுத்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த மனிதர், பஸ் நிலையம் வரைக்கும் விறுவிறு என்று நடந்து வந்து, அங்கே உப்புக் கடலை ஒரு சுருள் வாங்கினார். நான் பறித்து என் கைப்பைக்குள் போட்டேன். வீடு வரும்வரை இரண்டு பேரும் அந்தக் கைப்பையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தோம்.

துறைமுகத்தில் இழுவைப் படகில் முப்பது வருடம் வேலை செய்தவர். கருவாட்டுக்கே தொட்டுக்கொள்ள உப்பு கேட்கிற சாதி. உப்பை நிறுத்தினால் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். இரண்டு கவளம் எடுப்பார், மூன்றாவதை உருட்டி உருட்டிப் பார்ப்பார், பிறகு சோற்றுக் கோப்பையிலேயே கையைக் கழுவிவிடுவார். இடுப்புச் சாரத்தை முன்பு ஒரு சுற்றுச் சுற்றிச் செருகுவார், இப்போது ஒன்றரைச் சுற்று வந்தது. உப்பைக் கொடுத்தால் அடுத்த முறை முகத்தோடு போகாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். கொடுக்காவிட்டால் மனிதர் என் கண் முன்னாலேயே கரைந்து போய்விடுவார் போலிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும், ஆகையால் அந்த நாட்களில் அவருக்கு ஏச்சுக்கு மட்டும் குறைவில்லை.

எதிலும் தேசிக்காய்ப் புளி பிழிந்து ஒரு மாதம் சமாளித்தேன். ஒரு நாள் அவர் பருப்பைப் பார்த்து, "இதுவும் தேசிக்காயோ?" என்று மட்டும் கேட்டார். அதோடு தேசிக்காய் முடிந்தது.

வினாகிரி, அதுதான் பழம் புளித்து வரும் காடி, எனக்குக் கிடைத்தது அவருடைய நோய் வருத்தத்தால்தான். அவர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள், அன்னாசித் தோலை எறிய மனமில்லாமல் சீனித் தண்ணீரில் ஊறப்போட்டு, துணியால் வாய் கட்டி வைத்திருந்தேன். குளிர்ச்சியாகக் குடிக்கலாம் என்ற எண்ணம். பிறகு யாருக்கு அதெல்லாம் ஞாபகம்? இரண்டு மாதம் கழித்து அரிசி வாளிக்குப் பின்னால் போத்தலைக் கண்டபோது அது நல்ல வினாகிரியாகி இருந்தது. வெள்ளரிக்காயை மெல்லிசாக வெட்டி, மிளகு இடித்துப் போட்டு, அதில் இரண்டு கரண்டி விட்டுக் கொடுத்தேன். முழுவதையும் சாப்பிட்டார். நான் குசினிக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன்.

அதற்குப் பிறகு நாவற்பழத்தில் ஒரு போத்தல், கதலி வாழைப்பழத்தில் ஒரு போத்தல் போட்டேன். எதற்கு எது என்று பழகிக்கொள்ளவே மாதக்கணக்கானது. வினாகிரியைத் தனியே விட்டால் பல் கூசுவதோடு சரி, பக்கத்தில் அதற்கு ஒரு துணை வேண்டும். வாழைப்பழ வினாகிரிக்குப் பூசணிக்காயும் வறுத்த கடுகும். அன்னாசிக்கு மிளகும் வெள்ளரியும். நாவற்பழத்துக்குக் கருக வதக்கிய சின்ன வெங்காயமும் சுட்ட உள்ளிப் பூண்டும். தேங்காய்ப்பால் இருக்கிற கறிக்குள் அடுப்பில் வைத்தே வினாகிரி விட்டால் பால் திரைந்துவிடும், இறக்கி ஆறவிட்டுத்தான் விடவேண்டும். இதையெல்லாம் நான் ருசி பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

அப்படி இருக்கும்போது, உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலம் வந்தது. நான் விபரம் தெரிந்த நாளிலிருந்து அந்த நாற்பது நாளும் மீன், இறைச்சி நாவில் வைப்பதில்லை. குழம்பைத் தொட்டு நக்குவதும் கணக்கில் சேரும். இந்த முறை அவருக்காக நேர்ந்தும் இருந்தேன். ஆனால் அவருக்கு மீன் வேண்டும், சூரை மீன் இல்லாமல் சோறு இறங்காது. நாவற்பழ வினாகிரியில் சூரைக் கறி வைக்கலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். வைக்கலாம். யார் ருசி பார்ப்பது?

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் அக்கா இருக்கிறா, நான் ராத்தா என்று கூப்பிடுவேன். கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பிறந்து எங்கள் ஒழுங்கைக்குக் கலியாணம் முடித்து வந்தவ. எங்கள் இரண்டு பேரையும் விட மூத்தவ, கை ருசிக்குப் பேர் போனவ. ஒரு நாள் காலை பத்து மணிக்கு அகப்பையில் குழம்போடு மதிலடிக்குப் போய், இதை ஒருக்கால் பாருங்கோ ராத்தா என்றேன். அவ அகப்பையைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா.

"பாத்திட்டன். நல்ல நிறம்."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அந்த முறை எங்கள் தவக்காலமும் அவர்களுடைய நோன்பும் ஒரே கிழமையில் பிறந்திருந்தன. அவவுக்குப் பகலில் தண்ணீரும் இல்லை, எனக்கு இராப்பகலாக மீன் இல்லை. திருகோணமலையில் அன்று மதிலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு நல்ல சமையற்காரிகள் நின்றோம், ஒருவர் வாயும் வேலைக்கு உதவாது. மணந்து பார்த்தால் நோன்பு முறியாது என்று அவவே சொல்லி, கண்ணை மூடி மணந்து, வெங்காயம் காணாது என்று தீர்ப்புச் சொன்னா. நான் வெங்காயம் போட்டேன். மற்ற நாட்களிலும் அப்படியே நடந்தது. மணந்து பழகட்டும் என்று அன்னாசி வினாகிரியில் அரைப் போத்தலை அவவுக்குக் கொடுத்தும் விட்டேன்.

அவர் சாப்பிட்டார். முதல் நாள் ஒரு கோப்பை, பிறகு கேட்டு வாங்கி அரைக் கோப்பை. எப்படி என்று கேட்டால் "ம்" என்பார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. மூக்கால் சமைக்கிறோம் என்று ராத்தாவிடம் பீற்றிக்கொண்டேன்.

பின்னேரத்தில், நோன்பு திறக்கிற பாங்குக்குச் சற்று முன்னால், ராத்தா ஒரு பிளாஸ்கில் நோன்புக் கஞ்சி தருவா. அது வருடாவருடம் வருவது. அதில் இறைச்சி இருக்கும், ஆகையால் எனக்கில்லை. எனக்கு மணம் படக்கூடாது என்று அவர் முற்றத்துக்குக் கொண்டுபோய்க் குடித்து, பிளாஸ்கையும் தானே கழுவி வைப்பார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் கழுவிய முதல் சாமான் அதுதான். வருத்தம் மனிதரைத் திருத்திவிட்டது என்று நினைத்தேன்.

மூன்றாவது கிழமை, கிளினிக்கில் காட்டுவதற்காக அவர் சாப்பிடுவதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். மத்தியானம் வரைக்கும் எழுதிவிட்டு, பின்னேரம் நோன்புக் கஞ்சி என்று எழுதினேன். பேனா அப்படியே நின்றது. மூன்று கிழமை. என் குசினியில் உப்புப் போத்தலை அலுமாரிக்குள் பூட்டிவிட்டு, மதிலுக்கு மேலால் வந்ததை நான் சாப்பாடு என்றே நினைக்கவில்லை. இந்த மனிதர் ஏன் மத்தியானம் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுகிறார், ஏன் பிளாஸ்கைக் கழுவுகிறார், எல்லாம் விளங்கியது. பின்னேரம் உப்பு வரும் என்று தெரிந்தால் யாரும் மத்தியானம் பொறுமையாக இருக்கலாம்தானே.

செருப்பைக் கூடப் போடாமல் ஓடினேன். ராத்தா அடுப்படியில் இருந்தா. நான் ஏசினேன். நோன்பு நேரத்தில் ஒரு மூத்த மனுசிக்கு ஏசக்கூடாத ஏச்செல்லாம் ஏசினேன், அவருக்கு ஏதும் ஆனால் யார் பொறுப்பு என்றும் கேட்டேன். அவ முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அடுப்பைக் காட்டினா. பெரிய பானை ஒன்று, பக்கத்தில் கைப்பிடியளவு சின்னச் சட்டி ஒன்று.

"பெரிசு எங்களுக்கு. சின்னது தம்பிக்கு. அதில ஒரு கல்லு உப்பும் இல்ல. ஒங்கட வினாகிரிதான் ஊத்திரிக்கன்."

எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போலிருந்தது. மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக ருசி எப்படி என்று கேட்டேன். நான் எங்க பாத்தன், நோம்புதானே என்றா. நீங்க பாருங்க என்றா. இறைச்சி கிடக்குதே, நான் எப்படி என்றேன். இரண்டு பேரும் கரண்டியை நடுவில் வைத்துக்கொண்டு பாங்கு வரும்வரை குந்தியிருந்தோம்.

பாங்கு கேட்டது. அவ பேரீச்சம்பழத்தைக் கடித்து, தண்ணீர் குடித்து, சின்னச் சட்டியிலிருந்து ஒரு கரண்டி வாயில் விட்டா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கரண்டியை என்னிடம் நீட்டினா. நானும் விட்டேன். அந்தப் பாவத்தைப் பிறகு சுவாமியாரிடம் சொன்னேன், அவர் கஞ்சி எப்படி என்று கேட்கவில்லை. கொதிக்கிற தேங்காய்ப்பாலில் வினாகிரியை விட்டு, பால் திரைந்து, இறைச்சியில் அன்னாசி மணந்தது. நாய்க்கு வைத்தாலும் கோபிக்கும்.

"யா அல்லாஹ்," என்றா ராத்தா மெதுவாக. "தம்பி இதையா இவ்வளவு நாளும் குடிச்ச?"

பிளாஸ்க் இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். அவர் முற்றத்தில் காத்துக்கொண்டு நின்றார். கஞ்சி எங்கே என்று கேட்டார். நான் குடித்துப் பார்த்துவிட்டேன் என்றேன். என் சூரைக் கறியும் அப்படித்தானா என்று கேட்டேன்.

"அதைவிட மோசம். பூசணிக்காய் மட்டும் நல்லாயிருக்கு."

பூசணிக்காய் நான் ருசி பார்த்து வைப்பது. பிறகு ஏன் தின்றீர்கள், கேட்டு வேறு வாங்கினீர்களே என்று கத்தினேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ரெண்டு பேரும் வாயைக் கட்டிக்கொண்டு எனக்கெண்டு சமைக்கிறியள். நான் எப்பிடித் தின்னாமல் விடுறது?"

ஏச்சு எனக்கு வழக்கமாக நாக்கு நுனியில் இருக்கும். அன்று அதை விழுங்கிவிட்டு, மறுநாளைக்கு வெங்காயம் உரிக்கப் போனேன்.

மறுநாள் காலை குசினிக்குள் ஒரு கதிரை போட்டு அவரை இருத்தினேன், கையில் ஒரு கரண்டி கொடுத்தேன். இரண்டு வீட்டிலும் நோன்புக் கட்டில்லாத வாய் அவருடையது ஒன்றுதான். சூரைக் கறியில் வினாகிரியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார், இன்னும் மிளகு கேட்டார், சுட்ட உள்ளி போதும் என்றார். பின்னேரம் மதிலுக்கு மேலால் ராத்தா சின்னச் சட்டியையும் நீட்டினா. அவர் ஒரு கரண்டி எடுத்து, யோசித்து, இது சரிவராது அக்கா என்று அவவின் முகத்துக்கு நேரே சொன்னார். வருத்தம் வந்த பிறகு அவர் அவ்வளவு உரத்துக் கதைத்தது அன்றைக்குத்தான்.