அவருடைய கனம்

எலும்பு முறிவு வார்டில் உதவியாளராக இருந்த அவளுக்கு வைத்த பெயர் கிரேன் அக்கா. நோயாளியைக் கட்டிலிலிருந்து தள்ளுவண்டிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும் என்பது விதி. இரண்டாவது ஆள் வந்து சேர்வதற்குள் அவள் வேலையை முடித்திருப்பாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்பாள். மூன்றில் மலை போன்ற மனிதரும் எழும்பி வருவார். பாராட்டு என்று நினைத்துத்தான் அந்தப் பெயரையும் சேர்த்துச் சுமந்தாள், பாவி மகள்.

வீட்டிலும் அதே எண்ணிக்கைதான். கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த புருஷன் சாரத்திலிருந்து விழுந்த நாளிலிருந்து, இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வில்லை. காலையில் தூக்கிக் குளிப்பாட்டி, ஜன்னலோரக் கட்டிலில் சாய்த்து, கைக்கெட்டும் தூரத்தில் சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். வந்ததும் மறுபடி தூக்குவாள். பிள்ளை குட்டி கிடையாது. அவளுக்கு அவர், அவருக்கு அவள்.

அவளுக்கிருந்த ஒரே பயம் தன் இடுப்பைப் பற்றித்தான். வலி வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அவளும் படுத்துவிட்டால் அவரைக் காப்பகத்தில்தான் சேர்க்க வேண்டும். அங்கே புரட்ட ஆளில்லாமல் கிடந்து புண்ணாகி வருகிறவர்களை வார்டில் அவளே கழுவித் துடைத்திருக்கிறாள். அதனால் வலியைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை.

ஆஸ்பத்திரியில் மறைக்கும் அவசியமே இல்லை. துணி துவைக்கும் பெண், ஆம்புலன்ஸ் டிரைவர், நாற்காலியை விட்டே எழாத பில் கவுண்டர்காரர், எல்லோருக்கும் அதே வலி. வாழ்க்கையில் பிடிப்பே இல்லை என்று யாராவது அலுத்துக்கொண்டால், "அதான் இடுப்புல இருக்கே" என்பார்கள். அவளைச் சோதித்த டாக்டரே வெள்ளைக் கோட்டுக்குள் பெல்ட் கட்டியிருந்தார். ஏறும் வயசு, ஏறும் உடம்பு, குனிந்து திரும்பிக் கனம் தூக்குவது, கெட்ட தூக்கம், அரிக்கிற கவலை, எல்லாம் சேர்ந்துதான் இந்த வலியை நிரந்தரமாகக் குடிவைக்கின்றன என்று அவர் சொல்லச் சொல்ல, தன் கதையையே யாரோ வாசிப்பதுபோல் இருந்தது அவளுக்கு. படுத்தே கிடக்காமல் நடக்கச் சொன்னார். தனியாகத் தூக்குவதை மட்டும் நிறுத்தச் சொன்னார்.

"எதை நிறுத்த டாக்டர்? வேலையையா, புருஷனையா?"

டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

களிம்பு அதிசயம் செய்தது. வார்டில் இடுப்பு பழையபடி கெஞ்சினாலும், வீட்டில் நாளுக்கு நாள் தூக்குவது சுலபமாயிற்று. மூன்று சொல்வதற்குள் அவர் பூப்போல எழும்பினார். உடம்பு தேறிவிட்டது என்று பூரித்துப்போனாள். அவர் விலா எலும்பு தெரிந்தபோது, படுக்கையில் கிடக்கிற உடம்பு அப்படித்தான் வற்றும் என்று தள்ளிவிட்டாள். டப்பாதான் தினமும் காலியாக இருந்ததே!

ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி வழிமறித்தாள்.

"உங்க வீட்டு நாயைக் கட்டிப் போடுங்கக்கா. தின்னு கொழுத்துப் போய், போறவங்க வர்றவங்க மேலெல்லாம் பாயுது."

அவர்கள் நாய் வளர்க்கவில்லை.

ஜன்னலுக்குக் கீழே, சுவரை ஒட்டி, உருண்டு திரண்ட தெருநாய் ஒன்று வாலை ஆட்டியபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே போய், எத்தனை நாளாக இது நடக்கிறது என்று கேட்டாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மூணு சொல்றப்ப நீ பல்லைக் கடிப்ப. எனக்கு இடுப்புக்குக் கீழதான் செத்துப்போச்சு. காது நல்லாத்தான் இருக்கு."

"அதுக்கு?"

"இப்பல்லாம் நீ கடிக்கிறதில்லையே."

அழுகை வருவதற்கு முன் அவள் கைகள் தம் தொழிலைச் செய்தன. அவரை ஒருக்களித்துப் புரட்டி, துணியை விலக்கினாள். காலையில் வெறும் சிவப்பு என்று பவுடர் போட்ட இடம். சதை கரைந்து எலும்பு துருத்திய அந்த இடத்தில் தோல் உடைந்திருந்தது. அவருக்கு அது வலிக்காது, தெரியவும் தெரியாது. இந்தப் புண் வந்தால் இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் போட வேண்டும் என்பதை வார்டில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள். அவளுக்காக அவர் பட்டினி கிடந்து குறைத்த கனமெல்லாம், வட்டியோடு அவள் இடுப்பிலேயே வந்து இறங்கியது.

அவரிடம் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து, கடைசி வாய்வரை ஊட்டினாள். வெளியே நாய் ஒருமுறை குரைத்து ஓய்ந்தது. இரவெல்லாம் தூங்காமல் அவரைப் புரட்டிப் போட்டாள். விடிந்ததும், குளிப்பாட்டத் தூக்குவதற்காக அவர் தோளுக்கடியிலும் தொடைக்கடியிலும் கை கொடுத்தாள்.

"ஒண்ணு... ரெண்டு..."

இடுப்பில் கத்தி இறங்கியது. வாயைத் திறந்தால் அலறல்தான் வரும் என்று உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

அவர் காத்திருந்தார். அவளிடமிருந்து சத்தம் வராது என்று தெரிந்ததும், கண்ணை மூடிக்கொண்டு அவரே சொன்னார்.

"மூணு."