டிரெய்லருக்கு அடியில் ஒரு பெண்

காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். நான் அப்போது நாகப்பட்டினத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஐப்பசி மாதத்தில், ரயிலில் வந்து இறங்கிய பெரிய பாய்லர் ஒன்றைச் சுரக்குடிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை எங்களுக்கு வந்தது.

எங்களுக்கு என்றால் எனக்கும் என் மச்சானுக்கும். அக்காவின் கணவர். வண்டியில் எனக்குத் துணையாக வருபவர் அவர்தான். யுத்தம் முடிந்தபிறகு ஏலத்தில் எடுத்த மிலிட்டரி வண்டி அது. முன்னால் லாரி, பின்னால் கழற்றி மாட்டுகிற டிரெய்லர். டிரெய்லருக்குப் பின்பக்கம் மட்டும்தான் சக்கரம். அதன் மூக்கு லாரியின் முதுகில் உட்கார்ந்திருக்கும். கழற்றும்போது மூக்குக்குக் கீழே இருக்கும் இரண்டு இரும்புக் கால்களைத் தரையில் இறக்கி, பாரத்தை அவற்றின்மேல் நிறுத்திவிட்டு லாரியை உருவிக்கொள்ள வேண்டும்.

காலையில் கிளம்பி நாகூர் தாண்டி, காரைக்காலுக்குள் நுழைந்து, தலத்தெரு வழியாக மேற்கே போனோம். மழை தூறுவதும் விடுவதுமாக இருந்தது. மில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். பாய்லரை இறக்கச் சங்கிலியும் ஆட்களும் மறுநாள்தான் வருவதாகச் சொன்னார்கள். லாரிக்கு வேறு நடை இருந்ததால், பாரத்தோடு டிரெய்லரை அங்கேயே விட்டுவிட்டு வரும்படி எங்கள் லாரி முதலாளி முன்னமே சொல்லி அனுப்பியிருந்தார்.

மில் களத்தில் உமிச்சாம்பல் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். மிதித்துப் பார்த்தோம், கெட்டியாகத்தான் இருந்தது. இந்த வேலையில் மச்சான் அவசரமே படமாட்டார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தார். இரும்புக் கால்களுக்கு அடியில் பலகை போட்டு ஹேண்டிலைச் சுற்றி இறக்கினார். பிரேக் குழாயைக் கழற்றினார், டிரெய்லரை லாரியோடு பூட்டியிருந்த கொண்டியை இழுத்துவிட்டார்.

"மெதுவா எடு மாப்ள. மூக்கு இன்னும் நம்ம மேல இருக்கறப்பவே நிறுத்து."

நிறுத்தினேன். இரண்டு கால்களையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கையசைத்தார். லாரியை முழுதாக உருவிக் களத்தின் ஓரத்தில் விட்டேன். டிரெய்லர் அசையாமல் நின்றது. எல்லாம் முறைப்படிதான் செய்தோம்.

நான் கைகழுவப் போனேன். டிரெய்லரின் இடது இரும்புக் காலில் மாட்டியிருந்த ஹேண்டிலை எடுத்துவர அவர் திரும்பிப் போனார். சாம்பலுக்குக் கீழே ஒரு பழைய குட்டை தூர்ந்து கிடந்தது எங்கள் இருவருக்குமே தெரியாது. ஈரப் பலகை முறிகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். இடது கால் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. டிரெய்லரின் மூக்கு அந்தப் பக்கமாகச் சாய்ந்து தரையைத் தொட்டது. மச்சானைக் காணவில்லை.

ஓடிப்போய்ப் படுத்துப் பார்த்தேன். உள்ளே மல்லாந்து கிடந்தார். இடுப்புக்குக் கீழே சட்டத்துக்கு அடியில் சிக்கியிருந்தது. சேறு மட்டும் இல்லாதிருந்தால் அப்போதே நசுங்கியிருப்பார். அந்தச் சேறே அவரை உள்ளே இழுத்துக்கொண்டும் இருந்தது. டிரெய்லரின் வலது இரும்புக் கால் மட்டும் பாரத்தைத் தாங்கியபடி முனகிற்று.

"லாரிய பின்னால விட்டு மூக்கத் தூக்குங்க!" என்று ஓடிவந்த மில்காரர்கள் எல்லோரும் கத்தினார்கள். நானும் லாரியை நோக்கி ஓடினேன்.

உள்ளேயிருந்து மச்சானின் குரல் வந்தது. "வேணாம் மாப்ள! இடிச்சா சறுக்கும். ஜாக்கி வை."

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஜாக்கி. வைத்தால் அதுவும் மண்ணில் புதைந்தது. கிடங்குக் கதவைப் பெயர்த்துக்கொண்டுவந்து அதன்மேல் வைத்தோம். சிலர் பனந்துண்டுகளை உருட்டிவந்து சட்டத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள். அவ்வளவு செய்தும் மூக்கு மேலே எழும்பவில்லை. மேலும் இறங்காமல் நின்றது, அவ்வளவுதான். இனி உள்ளே போய் அவருக்கு அடியில் இருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்தால்தான் வழி. நான் நுழைந்து பார்த்தேன், தோள் மாட்டிக்கொண்டது. மற்றவர்கள் என்னைவிடப் பருமன்.

நெல் அவிக்கும் பெண்கள் அடுப்பை விட்டுவிட்டு வந்து நின்றிருந்தார்கள். அவர்களில் ஒல்லியான ஒருத்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். முப்பது வயது இருக்கலாம். அதற்குமுன் நான் அவளைப் பார்த்ததே இல்லை.

"நவுருங்க. எனக்கு எடம் பத்தும்."

மில் மேஸ்திரி அவள் கையைப் பிடித்தார். "ஒனக்கென்ன கிறுக்கா? அது எப்ப வுழும்னு தெரியல. வூட்ல புள்ளைங்க இருக்குல்ல?"

"அவருக்கும் இருக்குமுல்ல?" என்றவள் கையை உருவிக்கொண்டு, கொட்டாங்கச்சி ஒன்றோடு அடியில் ஊர்ந்து போய்விட்டாள்.

நான் ஜாக்கியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுடைய பாதங்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. உள்ளேயிருந்து சேறு வந்துகொண்டே இருந்தது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஒருமுறை டிரெய்லரின் வலது இரும்புக் கால் படாரென்று சத்தமிட்டது. எல்லோரும் பின்னால் ஓடினார்கள். அவள் பாதங்கள் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில், "இழுங்க, தோளப் புடிச்சு இழுங்க" என்று அவள் குரல் கேட்டது. இழுத்தோம். மச்சான் வெளியே வந்தார். அவளும் பின்னாலேயே ஊர்ந்து வந்தாள். நாங்கள் அவரைக் கதவுப் பலகையில் கிடத்தி லாரியில் ஏற்றும்போது டிரெய்லரின் வலது இரும்புக் காலும் மடங்கியது. பாய்லரின் பாரத்தோடு மூக்கு முழுவதும் மண்ணில் இறங்கியது.

காரைக்கால் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். "சொந்தக்காரங்க யாராவது இருந்தா வரச் சொல்லிடுங்க" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

மச்சான் பக்கத்தில் ஓர் ஆளை இருக்கவைத்துவிட்டு, நானே லாரியில் நாகப்பட்டினம் போய் அக்காவை அழைத்துவந்தேன். மச்சானுக்கு நினைவு இருந்தது. அவளைப் பார்த்ததும் அவர் கேட்டது இதைத்தான்:

"மழ புடிச்சுக்கிச்சே, வெறவ உள்ள எடுத்து வச்சியா?"

"வச்சுட்டேங்க" என்றாள் அக்கா. விறகு கொல்லையில் நனைந்துகொண்டிருந்ததை வரும்போது நானே பார்த்திருந்தேன்.

விடிந்தபிறகும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வெளி வராந்தாவில் இருந்தேன். ஒருமுறை இருவரும் சிரித்ததுபோல்கூடக் கேட்டது. அன்று மதியம் அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து, அந்தப் பெண்ணைப் பார்க்க மில்லுக்குப் போனேன். இரண்டு கையிலும் துணி சுற்றிக் களத்தோரம் உட்கார்ந்திருந்தாள். விரல் நகங்கள் பிய்ந்துபோய், வேலை செய்ய முடியாமல் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "பொழச்சுட்டாருங்களா?" என்றாள்.

இல்லை என்று தலையசைத்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் தோண்டிக்கிட்டு இருக்கறப்ப, 'நீ போயிரு தாயி, இது வுழுந்துரும்'னே சொல்லிக்கிட்டு இருந்தாரு. சொல்லுவாரு, ஆனா எம் முந்தானைய மட்டும் விடவே இல்ல. அத உருவிக்கிட்டு எப்டிங்க வர்றது?" என்று அழுதாள்.

இதை வீட்டில் சொன்னபோது, அவளைப் பார்க்க வேண்டும் என்றாள் அக்கா. அழைத்துப் போனேன். இருவரும் களத்தோரம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். துணி சுற்றிய அந்தக் கைகளை அக்கா தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகும் பல வருஷம் லாரி ஓட்டினேன். டிரெய்லரை எங்கே கழற்றினாலும் இந்த இடம் முன்பு என்னவாக இருந்தது என்று ஊர்க்காரர்களை விசாரிப்பேன். கழற்றியபின் ஒருவரையும் அதன் பக்கம் அண்ட விடமாட்டேன். என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னவர்கள் உண்டு.

அந்தப் பெண்ணால் என் மச்சானின் உயிரைக் காப்பாற்ற முடியவில்லைதான். ஆனாலும் தன் உயிரைப் பொருட்படுத்தாமல் முன்பின் தெரியாத அவள் மீட்டுத் தந்த அந்த ஒரு நாள்தான் என் அக்காவைக் கடைசிவரை வாழவைத்தது. பலன் கிடைக்குமா என்று கணக்குப் பார்த்துவிட்டு உதவிக்குப் போகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.